ஆங்கிலப் பாட்டுக்கு ரைம் தேடுவது எப்படி: 'ஹோம்' என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு வழிகாட்டி

போன வருஷம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரவேற்புப் பாட்டு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மொத்தம் 16 வரி. பல்லவி 'ஹோம்' என்ற சொல்லில் முடிய வேண்டும், ஏனென்றால் 'மதுரை எங்கள் வீடு' என்பதுதான் பாட்டின் கருத்து. ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 3 வாரம் இழுத்தது. நடுவில் ஒரு முறை ஸ்டுடியோவில் பதிவு செய்ததைத் தள்ளிவிட்டு, மறுபடி காசு கொடுத்துப் பதிவு செய்தோம்.

உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். பள்ளிப் பாட்டோ, கடை விளம்பரத்துக்கு இரண்டு வரியோ, கல்யாணப் பத்திரிகையில் போட நாலு வரியோ, பையன்கள் எழுதும் ராப்போ, எதுவாக இருந்தாலும் இந்த வரிசையில் போனால் 5 நாளில் வேலை முடியும். 'ஹோம்' என்ற ஒரு சொல்லையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சொல் 'டைம்' ஆக இருக்கலாம், 'ஹார்ட்' ஆக இருக்கலாம். செய்யும் முறை ஒன்றுதான்.

1. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

ஒரு நோட்டு, ஒரு பேனா, இன்டர்நெட் உள்ள ஒரு போன். இவ்வளவுதான். இதில் தனியாகக் காசு ஆவது நோட்டுக்கு மட்டும்.

போனில் இந்த மூன்று தளங்களையும் திறந்து, புக்மார்க் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே இலவசம்.

முதலாவது ரைம்சோன். சொல்லை அடித்தால் அதோடு ரைம் ஆகும், அதாவது கடைசியில் ஒரே மாதிரி ஒலிக்கும், சொற்களை அசை எண்ணிக்கைப்படி பிரித்துக் காட்டும். முழு ரைம் தனியாகவும், நியர் ரைம் (கிட்டத்தட்டச் சேரும் அரை ரைம்) தனியாகவும் கேட்கலாம்.

இரண்டாவது கேம்பிரிட்ஜ் அகராதித் தளம். இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பிரிட்டிஷ் உச்சரிப்பு ஒரு பொத்தானில், அமெரிக்க உச்சரிப்பு இன்னொரு பொத்தானில் இருக்கும். சொல்லைக் காதால் கேட்டுச் சரிபார்க்க இதுதான் நம்பகமானது.

மூன்றாவது, கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி. சுருக்கமாக சிஎம்யூ அகராதி என்பார்கள். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களின் அமெரிக்க உச்சரிப்பை ஒலி ஒலியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பார்த்தால் கம்ப்யூட்டர் கோடு மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். எப்படிப் படிப்பது என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

ரைம் அகராதி என்று புத்தகமாகவும் விற்கிறார்கள். நான் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். நல்ல புத்தகம்தான், ஆனால் ஒரு பாட்டுக்காக வாங்கத் தேவையில்லை. அதில் இருப்பது எல்லாம் மேலே சொன்ன தளங்களில் கிடைக்கிறது. தொடர்ந்து எழுதப் போகிறவர்கள் மட்டும் வாங்கலாம்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் சத்தம் தாங்காமல், புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பட்டியல் எழுத அருமையான இடம். ஆனால் ரைம் தேடுகிறவர்கள் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தே ஆக வேண்டும், நூலகத்தில் அது முடியாது. பட்டியலை அங்கே எழுதுங்கள், சொல்லிப் பார்ப்பதை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. சொல்லைக் காதால் வெட்டுங்கள்

நமக்கு எதுகை, மோனை பழக்கம். தமிழில் வரியின் தொடக்கத்தில்தான் காது நிற்கும். மோனைக்கு முதல் எழுத்து, எதுகைக்கு இரண்டாம் எழுத்து. ஆங்கில ரைம் அப்படி இல்லை, அது வரியின் கடைசியில் உட்காரும். நம் இலக்கணத்தில் அதற்கு ரொம்பக் கிட்டத்தில் வருவது இயைபு. ஆகவே எதுகை தேடும் காதைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு, இயைபு தேடும் காதோடு உட்காருங்கள்.

முழு ரைமுக்கு விதி ஒன்றுதான். சொல்லில் எந்த உயிர் ஒலியை அழுத்திச் சொல்கிறோமோ, அந்த உயிரிலிருந்து சொல் முடியும் வரை எல்லா ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த உயிருக்கு முன்னால் வரும் மெய் மட்டும் வேறாக இருக்க வேண்டும்.

'ஹோம்' என்பதை வெட்டினால் முன்னால் 'ஹ்', பின்னால் 'ஓம்'. அப்படியென்றால் நாம் தேடுவது 'ஓம்' என்று முடியும், அந்த 'ஓ' அழுத்தமாக ஒலிக்கும் சொற்களை.

சிஎம்யூ அகராதியில் இந்தச் சொல்லைத் தேடினால் 'ஹெச்ஹெச், ஓடபிள்யூ1, எம்' என்று இருக்கும். உயிருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் முக்கியம். 1 என்றால் முழு அழுத்தம், 2 என்றால் இரண்டாம் நிலை அழுத்தம், 0 என்றால் அழுத்தமே இல்லை. 'ஓடபிள்யூ1, எம்' என்று முடியும் சொல் எதுவோ அது உங்களுக்கு முழு ரைம்.

இந்த அழுத்தத்தில்தான் நம்மவர்கள் நிறையப் பேர் விழுகிறோம். தமிழில் ஓர் அசையை அழுத்தியும் இன்னொன்றை விட்டும் சொல்வதால் பொருள் மாறுவதில்லை. அதனால் அதைக் கவனிக்க நம் காது பழகவே இல்லை. என் முதல் பல்லவி இப்படி இருந்தது:

'டு ஆல் அவர் கெஸ்ட்ஸ் வீ சே வெல்கம்,
மதுரை இஸ் அவர் ஸ்வீட், ஸ்வீட் ஹோம்.'

எழுதிப் பார்க்கும்போது சரியாகத்தான் தெரிந்தது. இரண்டு சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஓ-எம்-ஈ என்று முடிகின்றன. ஒத்திகையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல் வரியைப் பாடி முடித்ததும் நின்றுவிட்டாள். 'மிஸ், இது சேரல. நான் வெல்கோம்னு இழுத்துப் பாடிரவா?' என்று கேட்டாள். சரி, பாடு என்று சொன்னேன். மற்ற பிள்ளைகளும் அவளைப் பார்த்து 'வெல்கோம்' என்று இழுத்தார்கள். அதைத்தான் பதிவும் செய்தோம். வீட்டுக்கு வந்து கேட்டபோது, வந்த விருந்தாளியை வரவேற்கும் சொல்லையே தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பது உறைத்தது. அந்தப் பிள்ளையின் காதுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. நான்தான் எழுத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

'வெல்கம்' என்பதில் அழுத்தம் 'வெல்' மேல். பின்னால் இருக்கும் 'கம்' அழுத்தமில்லாமல் நழுவிப் போகிறது. உயிரும் வேறு, அழுத்தமும் வேறு. 'ஹேண்ட்சம்', 'ஆசம்' இரண்டும் இதே கதைதான்.

3. ஸ்பெல்லிங்கை மூடி வையுங்கள்

ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதி வேறு வேறாகச் சொல்லும் சொற்கள் ஏராளம். 'ஹோம்' இந்த விஷயத்தில் மோசமான சொல். ஓ-எம்-ஈ என்று முடிபவற்றைப் பாருங்கள்: 'டோம்', 'குரோம்', 'ரோம்' ஆகியவை சேரும். 'கம்', 'சம்', 'பிகம்' சேராது.

ஓ-எம்-பி என்று முடிபவை இன்னும் குழப்பம். சீப்பைக் குறிக்கும் சொல் 'கோம்', அது முழு ரைம், கடைசி பி ஒலிக்காது. வெடிகுண்டு 'பாம்'. கல்லறை 'டூம்'. கருப்பை 'வூம்'. நாலிலும் கடைசி மூன்று எழுத்து ஒன்று, ஆனால் 'ஹோம்' கூடச் சேர்வது சீப்பு மட்டும்தான்.

மறுபக்கம், எழுத்தில் துளியும் ஒற்றுமை இல்லாதவை அழகாகச் சேரும். நுரையைக் குறிக்கும் 'ஃபோம்', சுற்றித் திரிவதைக் குறிக்கும் 'ரோம்', வளமான மண்ணைக் குறிக்கும் 'லோம்' மூன்றிலும் ஓ-ஏ-எம். மின்தடையின் அலகான 'ஓம்' ஓ-ஹெச்-எம். கண்ணை நம்பித் தேடியிருந்தால் இவற்றில் ஒன்றுகூட எனக்குக் கிடைத்திருக்காது.

நான் கண்ட எளிய வழி இது: கிடைக்கும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் கேம்பிரிட்ஜ் தளத்தில் கேட்டுவிட்டு, காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதுங்கள். ஒலித்ததை எழுதுவதற்கு நம் எழுத்து ரொம்ப நேர்மையானது. 'கம்' என்று எழுதிய உடனே அது 'ஹோம்' கூடச் சேராது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் இந்த வழியிலும் ஒரு பொறி இருக்கிறது. தமிழில் வல்லினத்துக்கு ஒரு எழுத்துதான். கும்மட்டத்தைக் குறிக்கும் சொல்லையும், தடித்த புத்தகத்தைக் குறிக்கும் சொல்லையும் நான் 'டோம்' என்றே எழுதிவிட்டு, இரண்டு தடவை வந்திருக்கிறது என்று ஒன்றை அடித்துவிட்டேன். இரண்டும் வேறு சொல், இரண்டும் முழு ரைம். சொல்லுக்குப் பக்கத்தில் பொருளையும் ஒரு வார்த்தையில் எழுதி வைத்தால் இந்தத் தப்பு வராது.

உங்கள் சொல் வல்லின ஒலியில் முடிந்தால் இன்னும் கவனம் வேண்டும். பையைக் குறிக்கும் 'பேக்', முதுகைக் குறிக்கும் 'பேக்', ரொட்டி சுடுவதைக் குறிக்கும் 'பேக்' மூன்றையும் நாம் ஒரே மாதிரி எழுதுகிறோம். ஆங்கிலக் காதுக்கு அவை மூன்றும் மூன்று ஒலி, ஒன்றோடொன்று முழு ரைம் ஆகாது.

4. முழு ரைம் பட்டியல்: சேர்ப்பதும் கழிப்பதும்

இப்போது ரைம்சோனில் சொல்லை அடியுங்கள். நீளமாக ஒரு பட்டியல் வரும். எல்லாவற்றையும் எழுத வேண்டாம். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: எல்லாருக்கும் தெரிந்த சொல், விளக்கினால் புரியும் சொல், வேண்டாத சொல்.

'ஹோம்' சொல்லுக்கு என் முதல் பத்தியில் நின்றவை: கும்மட்டம் என்ற பொருளில் 'டோம்', நுரை 'ஃபோம்', திரிவது 'ரோம்', ஊர்ப்பெயர் 'ரோம்', சீப்பு 'கோம்', 'குரோம்'. இவ்வளவுதான். அடிக்கடி புழங்கும் சொல் என்பதால் ரைம் கொட்டிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். 'டே', 'மீ' மாதிரி உயிரில் முடியும் சொற்களுக்குத்தான் அப்படிக் கிடைக்கும்.

இரண்டாம் பத்தியில் தாளம் காட்டும் கருவியான 'மெட்ரோனோம்', தேன்கூட்டைக் குறிக்கும் 'ஹனிகோம்' போன்ற நீளச் சொற்கள். இவற்றில் முழு அழுத்தம் முதல் அசையில் இருக்கிறது. கடைசி 'ஓம்' இரண்டாம் நிலை அழுத்தம், அகராதியில் 2 என்று போட்டிருக்கும். கறாராகப் பார்த்தால் முழு ரைம் இல்லை, ஆனால் பாட்டில் கடைசி அசை தாளத்தில் விழுவதால் நன்றாகவே நிற்கும். 0 போட்ட சொற்களை மட்டும் தொடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஊர்ப்பெயர் 'ரோம்', திரிவது 'ரோம்' இரண்டும் ஒரே ஒலி. ஒவ்வொன்றும் 'ஹோம்' கூட ரைம் ஆகும். ஆனால் அந்த இரண்டையும் அடுத்தடுத்த வரியில் போட்டால் ஒரே சொல்லைத் திரும்பச் சொன்ன மாதிரி கேட்கும். முன்னால் உள்ள மெய் வேறாக இருக்க வேண்டும் என்ற விதி இதற்குத்தான்.

அடுத்து கழித்தல். இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். ரைம் ஆகிறது என்பதற்காக ஒரு சொல்லை உள்ளே இழுக்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு உங்கள் பாட்டில், உங்கள் ஊரில் ஒரு வேலை இருக்க வேண்டும்.

'ஃபோம்' சொல்லை வைத்து 'வைகையின் நுரை' என்று ஒரு வரி எழுதினேன். ஆங்கிலப் பாட்டில் ஆற்று நுரை அழகான படம். ஆனால் செல்லூர்ப் பக்கம் வாய்க்காலில் கழிவுநீர் வெள்ளை வெள்ளையாகப் பொங்கி நின்றதைப் பார்த்த பெற்றோர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த வரி என்ன படத்தைக் காட்டும்? அடித்துவிட்டேன்.

'டோம்' அப்படி இல்லை. மதுரைப் பிள்ளைகளுக்கு அது புத்தகச் சொல் இல்லை. 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மஹாலில், சொர்க்க விலாசத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே அதுதான் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறையாவது எல்லாரும் அதன் கீழே நின்றிருக்கிறார்கள். இந்தச் சொல்லைப் பாட்டில் கேட்டதும் ஒரு பிள்ளை கையை மேலே தூக்கிக் காட்டினாள், நடன அசைவாகவே அதை வைத்துக்கொண்டோம்.

ஊர்ப்பெயரான 'ரோம்' கூட மதுரைக்கு ஒட்டும். ரோமானியக் காசுகள் இந்த வட்டாரத்தில் கிடைத்திருக்கின்றன, பாண்டிய நாட்டு முத்து கடல் கடந்து போயிருக்கிறது. பெரியவர்களுக்கான பாட்டாக இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். பிள்ளைகள் பாட்டு என்பதால், மாசி வீதிகளில் திரிவதைச் சொல்லும் 'ரோம்' எடுத்தேன். கடைசியில் நின்ற இரண்டு வரி:

'த்ரூ மாசி ஸ்ட்ரீட்ஸ் வீ லவ் டு ரோம்,
திஸ் ஜாஸ்மின் டவுன் வில் பி அவர் ஹோம்.'

இரண்டு வரியையும் மேசையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். வரிக்கு நாலு தட்டு, கடைசித் தட்டு சரியாக 'ரோம்' மேலும் 'ஹோம்' மேலும் விழும். ரைம் சொல் சரியாக இருந்து தட்டு வேறு இடத்தில் விழுந்தால், காதுக்கு ரைமே கேட்காது.

5. முழு ரைம் தீர்ந்துவிட்டால்: அரை ரைம்

ஆறு சொல்லை வைத்து 16 வரி எழுத முடியாது. அரை ரைம் போடுவது தப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இன்றைய ஆங்கிலப் பாட்டுகளில் அது சாதாரணம். எது எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்து போட வேண்டும், அவ்வளவுதான்.

ரொம்ப நெருக்கமானது, உயிர் அப்படியே இருந்து கடைசி மெய் மட்டும் சொந்தக்கார மெய்யாக மாறுவது. 'ம்' ஒலிக்குச் சொந்தம் 'ன்'. நம் இலக்கணத்திலும் இரண்டும் மெல்லினம், இரண்டும் மூக்கு ஒலி. இப்படிப் பார்த்தால் 'ஹோம்' சொல்லுக்கு ஒரு பெரிய குடும்பமே கிடைக்கிறது: 'ஸ்டோன்', 'போன்', 'அலோன்', 'டோன்', 'லோன்', 'ஜோன்', 'நோன்', 'ஓன்', 'குரோன்'. மண்டபத்தில் ஸ்பீக்கர் வழியாக வரும்போது 'ஸ்டோன்', 'ஹோம்' இரண்டின் கடைசி ஒலிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். கோயில் கல் தூண்களைச் சொல்ல 'ஸ்டோன்' எங்களுக்குக் கையில் வந்து விழுந்தது.

இரண்டாவது, முழு ரைமின் பின்னால் ஒரு ஒலி கூடுவது. 'ரோம்ட்', 'கோம்ஸ்' மாதிரி. இதை வரி நடுவில் வேண்டுமானால் வையுங்கள். பல்லவி முடிவில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது அந்த 'ஸ்' முன்னும் பின்னுமாகத் தெறிக்கும்.

மூன்றாவது, உயிர் மட்டும் சேருவது: 'ஹோப்', 'ரோட்', 'போட்', 'கோல்ட்'. சரணத்தில் தாராளமாகப் போடலாம். நெடில் 'ஓ' நீண்டு ஒலிப்பதால், மெட்டு இழுவையாக இருந்தால் நன்றாகவே எடுபடும். வேகமான மெட்டில் நிற்காது.

நாலாவது, கடைசி மெய் மட்டும் சேருவது: 'நேம்', 'டைம்', 'ட்ரீம்', 'ரூம்', நாம் மேலே தள்ளி வைத்த 'கம்' கூட இங்கே வரும். இது ரொம்பத் தூரத்துச் சொந்தம். நான் இதைப் பல்லவியில் வைக்கவே மாட்டேன். எழுத்தில் படிக்கும் கவிதையில் நுட்பமாக இருக்கும், மேடைப் பாட்டில் ரைம் விட்டுப்போனதாகத்தான் கேட்கும்.

என் கணக்கு இது: பல்லவிக்கு முழு ரைம் மட்டும், சரணத்துக்கு முதல் வகையும் மூன்றாம் வகையும். ஒரு பாட்டில் முதல் இரண்டு வரியை முழு ரைமில் கொடுத்துவிட்டால், பிறகு வரும் அரை ரைமைக் காது மன்னித்து ஏற்றுக்கொள்ளும். தலைகீழாகச் செய்தால் ஏற்காது.

6. வாயில் போட்டுப் பாருங்கள்

தாளில் சரியான ரைம் வாயில் உடையும். இரண்டு இடத்தைக் கவனியுங்கள்.

ஒன்று, கடைசியில் ஒட்டும் 'உ'. நாம் பேசும்போது 'டைமு', 'ரூமு', 'போனு' என்று சொல்கிறோம். பிள்ளைகள் பாடும்போதும் 'ஹோமு' என்று வந்துவிடும். ஒரு அசை கூடிவிடும், தாளம் தள்ளிப் போகும். 'ம்' சொன்னதும் உதடு மூடியபடியே இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். அது போதும், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

இன்னொன்று இதற்கு நேர்மாறு: கடைசி 'ம்' முழுங்கிப் போவது. பேச்சில் 'வந்தோம்' என்பதைக் கடைசியில் உதடு மூடாமல் மூக்கிலேயே முடிக்கிறோம். அந்தப் பழக்கத்தில் 'ஹோம்' வெறும் 'ஹோ' ஆகிவிடும்.

போனில் பதிவு செய்து, கொஞ்சம் தள்ளி வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேளுங்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், எழுதியதைத்தான் காது கேட்கும். பாட்டைப் பார்த்திராத ஒருவரைக் கேட்கச் சொல்லி, எந்தெந்தச் சொல் சேர்ந்து கேட்டது என்று மட்டும் கேளுங்கள். எங்கள் வீட்டில் அம்மா கேட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது, பொருள் குறுக்கே வராததால் ஒலி மட்டும் தெளிவாக விழுந்தது. 'இந்த மூணாவது வரி மட்டும் தனியா நிக்குதும்மா' என்றார். பார்த்தால் அங்கேதான் நாலாம் வகை அரை ரைம் வைத்திருந்தேன்.

7. தமிழ் கலந்த பாட்டு என்றால் உங்களுக்குப் புதையல்

இது எனக்கு ரொம்பத் தாமதமாகத் தெரிந்தது. ஆங்கிலத்தில் ஆறே சொல் கிடைத்த இந்த 'ஓம்' ஒலிக்குத் தமிழில் கணக்கே இல்லை. 'நாங்கள்', 'நாம்' என்று தொடங்கும் பெரும்பாலான வாக்கியங்களின் வினை அதில்தான் முடிகிறது: வந்தோம், நின்றோம், வளர்ந்தோம், பாடுகிறோம், இருப்போம். வீட்டைப் பற்றிய பாட்டில் 'நாங்கள்' வராமல் இருக்குமா? இரண்டாம் சரணத்தை இப்படி மாற்றினோம்:

'வைகைக் கரையில் வளர்ந்தோம்,
வி கால் திஸ் சிட்டி ஹோம்.'

அரங்கில் கைதட்டல் வந்தது இந்த இடத்தில்தான்.

இதற்கு இரண்டு நிபந்தனை. எழுத்துத் தமிழ் வடிவத்தையே பாட வேண்டும், 'ம்' தெளிவாக மூட வேண்டும். 'வளந்தோ' என்று பேச்சு வழக்கில் பாடினால் 'ஹோம்' தனியாகத் தொங்கும். அடுத்து, தமிழ் வினையின் கடைசி அசை மெட்டில் தட்டு விழும் இடத்தில் வர வேண்டும். மெட்டுப் போடுகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் சொல் வேறு என்றாலும் இதே மாதிரி தேடிப் பாருங்கள். 'டே', 'வே', 'ஸ்டே' என்றால் 'வந்தாயே', 'இங்கே' எல்லாம் பக்கத்தில் வரும். 'கார்', 'ஸ்டார்' என்றால் 'வந்தார்', 'சொன்னார்' காத்திருக்கின்றன.

8. எத்தனை நாள், ஸ்டுடியோவுக்கு என்ன கொண்டு போக வேண்டும்

முதல் நாள் சொல்லை வெட்டுவதும் முழு ரைம் பட்டியலும், ஒரு மணி நேரம் போதும். இரண்டாம் நாள் கழிப்பது. இதை அன்றைக்கே செய்யாமல் ஒரு இரவு விட்டுச் செய்தால் வேண்டாத சொல் தானாகத் தெரியும். மூன்றாம் நாள் அரை ரைம், வரிகள் எழுதுவது. நாலாம் நாள் வாயில் போட்டுப் பார்த்துத் திருத்துவது. ஐந்தாம் நாள் பாடுகிறவர்களிடம் கொடுத்து, அவர்கள் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்வது. ஒரு பிள்ளை ஒரே இடத்தில் இரண்டு தடவை தடுமாறினால், பிள்ளையைத் திருத்தாமல் வரியைத் திருத்துங்கள்.

ஆண்டு விழாக்கள் நெருங்கும் மாதங்களில் ஸ்டுடியோ கிடைப்பது கஷ்டம். விழாவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே நேரம் கேட்டு வையுங்கள். வாடகை பெரும்பாலும் மணிக்கணக்கில்தான். நாங்கள் முதல் தடவை இரண்டு மணி நேரம், 'வெல்கோம்' சரி செய்ய மறுபடி இரண்டு மணி நேரம் கொடுத்தோம். முதல் நாலு நாள் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் பாதிச் செலவு மிச்சம். பேசும்போதே, திருத்தம் வந்தால் ஒரு வரியை மட்டும் மறுபடி பாட எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் வாய்ப்பேச்சில் ஒன்று சொல்லிவிட்டு, பிறகு முழுப் பதிவுக்கான தொகையையே வாங்கினார்கள்.

கொண்டு போக வேண்டிய தாள்கள்: ஆங்கில எழுத்தில் பாட்டு ஒரு பிரதி, ஒலித்தபடி தமிழ் எழுத்தில் ஒரு பிரதி, பாடும் ஆட்களின் எண்ணிக்கைக்கு அதன் ஜெராக்ஸ். தமிழ்ப் பிரதியில் தட்டு விழும் அசைக்குக் கீழே சிவப்பில் கோடு போடுங்கள். வரிக் கடைசியில் வரும் ஒவ்வொரு 'ம்' எழுத்தையும் வட்டமிடுங்கள். ஒலிப்பதிவு செய்கிறவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இரண்டாம் தடவை போனபோது எங்களுடைய வட்டமிட்ட தாளை முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவரே ஒவ்வொரு வரி முடிவிலும் உதட்டை மூடிக் காட்டினார். பிள்ளைகள் அவரைப் பார்த்தே பாடினார்கள். இரண்டே டேக்கில் முடிந்தது.